புள்ளிகளை நான் சேர்த்துவைத்த புதன்கிழமை

ஆர்.கே.புரம்,
புது டெல்லி.
மார்கழி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி சிவஞானத்துக்கும் உன் வீட்டுக்காரி தமிழ்செல்விக்கும் அக்கா சாந்தகுமாரியின் ஆசிகள். உங்கள் சுகம், எங்கள் சுகம் எல்லாவற்றையும் கடிதத்தின் கடைசியில் விசாரித்துக்கொள்ளலாம், அதற்கு அவசரமில்லை. முதலில், போன புதன்கிழமை அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று பெயர் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "யாரு பாத்தா? அக்கா ஒண்ணுக்கு ரெண்டா சொல்லும்" என்பாய். உன் கல்யாணப் பந்தியில் என் இலைக்கு அப்பளம் வரவில்லை என்று சொன்னபோதும் அதைத்தான் சொன்னாய். வரவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், வரவில்லை.

என் பேத்தி, நம் சுபாஷிணி இருந்தாள். நான் இருந்தேன். சுபா படம் போடப் போகிற வகுப்பை நடத்துகிற ஜ்யோத்ஸ்னா என்கிற பெண் இருந்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், ஆனால் பாதி வழியில் இந்தி வந்து ஏறிக்கொள்ளும். ஷ்ரவண் இருந்தான், நம் சுபாவைவிடக் கொஞ்சம் பெரியவன், நாள் முழுக்க மூக்காலேயே ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டிருப்பான். அவனுடைய அம்மா சியாமளா இருந்தாள். இங்கே மலைமந்திர் முருகன் கோயிலில் தைப்பூசத்தன்று வரிசையில் எனக்கு முன்னால் நுழைந்ததுமில்லாமல், பின்னால் நின்றவர்களிடம் "அந்த மாமிக்குக் காது கேக்காது, நீங்க போங்கோ" என்று சொன்னாளே, அதே சியாமளா. ராஜகோபாலன் இருந்தார், தலை நரைக்க ஆரம்பித்துவிட்ட மனிதர், அவர் வாய் திறந்து பேசி வெளியாள் யாரும் கேட்டதில்லை. அவரைக் கூட்டிவந்த அண்ணன் ஸ்ரீநிவாஸ் இருந்தார், எங்கள் குவார்ட்டர்ஸ் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தபோது கார் நிறுத்த இடைஞ்சல் என்று என் கறிவேப்பிலைக் கன்றைப் பிடுங்கச் சொன்ன மகானுபாவர். பனியும் புகையுமாக இருந்ததால் மற்றவர்கள் வரவில்லை. இவர்களில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள். சியாமளாவைக் கேட்காதே.

நீ அன்றைக்குப் போனில் சொன்னதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். "அக்கா, ஒனக்கப்புறம் அந்தப் புள்ளைய யாரு பாத்துக்குவா? தஞ்சாவூர் பக்கத்துல நல்ல இல்லம் ஒண்ணு இருக்கு, எடம் சொல்லி வச்சிருக்கேன். தை பொறந்ததும் கொண்டாந்து விட்டுடுங்க. அங்க ஒக்காந்து பெயிண்ட் அடிச்சு என்ன ஆவப்போவுது?" என்றாய். செந்தில் ஸ்பீக்கரில் போட்டிருந்தான், எல்லாரும் கேட்டோம். சுபாவும் பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டுதான் இருந்தாள். செந்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். என் பிள்ளை கண்ணாடியைத் துடைத்தால் பாதி சம்மதம் என்று அர்த்தம். மருமகள் லதா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நான் போனைப் பிடுங்கி அணைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். போகவில்லை.

சுபா முப்பதை நெருங்குகிறாள். எழுத்து ஏறவில்லை, கணக்கு ஏறவில்லை, ஸ்வெட்டர் பொத்தானை அவள் போட்டு முடிப்பதற்குள் பால் பொங்கி வழிந்துவிடும். இவ்வளவு நாளும் அவளுக்குத் தலை பின்னியது நான், சோற்றைப் பிசைந்து கொடுத்தது நான், யாராவது "உன் பேர் என்னம்மா" என்று கேட்டால் பதில் சொன்னதும் நான். மழைக்காலத்திலிருந்து கோல் மார்க்கெட் பக்கம் ஒரு மாடி அறைக்கு, புதன்கிழமை தோறும் லதா அவளைக் கூட்டிப்போகிறாள். ஆர்ட் தெரபி என்கிறார்கள். இவளைப்போல மெதுவாகப் பிடித்துக்கொள்கிற பெரியவர்கள் கூடி உட்கார்ந்து படம் போடுகிறார்கள், அதிலேயே மனசுக்கு ஒரு வைத்தியம் நடக்கிறதாம். வீட்டு ஆட்களும் ஒரு நாள் வந்து உட்காரலாம் என்று சொல்லியனுப்பினார்கள். லதாவுக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை, நான் போனேன். வைத்தியம் என்றார்களே என்று தைலமும் வெந்நீர் பிளாஸ்க்கும் எடுத்துப்போனேன். அங்கே ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை, ஒரு ஸ்டெதாஸ்கோப்கூட இல்லை. தரையில் பழைய பெட்ஷீட், கிண்ணம் கிண்ணமாய் வர்ணம், அவ்வளவுதான்.

ஜ்யோத்ஸ்னா என்னைத் தனியாக உட்காரவைத்து, "பாட்டி, இங்க ரூல்ஸ் தோடா... கொஞ்சம் வேற. யார் படத்தையும் நல்லா இருக்குன்னு சொல்லக் கூடாது, நல்லா இல்லன்னும் சொல்லக் கூடாது. இது என்னன்னு கேக்கக் கூடாது. அவங்க கூப்பிடாம அவங்க பேப்பர்ல கை வைக்கக் கூடாது. அச்சா?" என்றாள். "அப்போ வாய் எதுக்கு இருக்கு?" என்று கேட்டேன். "சாய் குடிக்க" என்றாள். துடுக்குக்காரி. எனக்குப் பிடித்துவிட்டது. ஆனாலும் பழக்கம் விடுமா? ராஜகோபாலன் ஒரு காகிதம் முழுக்கப் பச்சையைப் பூசி அதன் மேலேயே மறுபடி பச்சையைப் பூசிக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கே தம்பி, இது என்ன, வயலா?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன். அவர் காகிதத்தோடு மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஸ்ரீநிவாஸ் பதறிப்போய், "மாமி, தயவு பண்ணி ஒண்ணும் கேக்காதீங்கோ, அவன் கோவிச்சுண்டா சமாதானமே ஆகமாட்டான்" என்றார். "என் கறிவேப்பிலைக் கன்னைப் பிடுங்கினப்போ அதுவும் இப்படித்தான் கோவிச்சுக்கிட்டுது, அப்புறம் தழைக்கவே இல்ல" என்றேன். அவர் போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

நடுவில் ஒரு பெரிய காகிதம், பாய் அகலத்துக்கு, ஒட்டி ஒட்டிச் சேர்த்தது. அது எல்லாருக்கும் பொதுவான படம். ஆளுக்கு ஒரு பக்கம், வாராவாரம் போடுகிறார்கள். சுபாவின் பக்கம் மட்டும் மழைக்காலத்திலிருந்து வெள்ளையாகவே கிடந்ததாம். வருவாளாம், அதன் எதிரில் உட்காருவாளாம், மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்துவிடுவாளாம். இதை லதா எங்களுக்குச் சொல்லவேயில்லை. அன்றைக்கு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சுபா ஒரு பிரஷ்ஷை எடுத்தாள். சிவப்பில் தோய்த்தாள். ஒரு புள்ளி வைத்தாள். அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் மஞ்சளில் ஒன்று, அதற்குத் தள்ளி ஆரஞ்சில் ஒன்று. ஜ்யோத்ஸ்னா கையில் இருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள், என்னைப் பார்த்துக் கண்ணாலேயே 'பேசாதீங்க' என்றாள். நான் பேசவில்லை. புள்ளி மேல் புள்ளியாக அவள் பக்கம் நிறைந்தது.

பிறகு டீ நேரம் வந்தது. எல்லாரும் அடுத்த அறைக்குப் போனார்கள், சுபாவும் போனாள். நான் காபி தவிர எதையும் தொடுவதில்லை என்று உனக்குத் தெரியும், அதனால் அங்கேயே இருந்தேன். இதில் என் தப்பு என்ன என்று நீயே சொல். மார்கழி மாதம். தரையில் புள்ளி. கோடு இல்லை. புள்ளி வைத்துவிட்டுக் கோட்டை இழுக்காமல் எழுந்து போனவளை என் மாமியார் என்ன சொல்வாள் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், அந்தம்மாளையும் நான் மறக்கவில்லை. பாவம் குழந்தை, புள்ளி வைக்கத் தெரிந்திருக்கிறது, இழுக்கத் தெரியவில்லை, நாம்தானே முடித்துக் கொடுக்க வேண்டும் என்று நீலத்தில் பிரஷ்ஷைத் தோய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலிகூடத் தெரியவில்லை, வளைத்து வளைத்து சிக்குக் கோலமாகக் கொண்டுபோனேன். புள்ளிகள் வரிசைக்கு வரவில்லை, அதனால் இடையிடையே நானும் கொஞ்சம் புள்ளி வைத்துச் சரிப்படுத்திக்கொண்டேன். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, லட்சணமாகத்தான் வந்தது.

"ஐயோ மாமி! என்ன காரியம் பண்ணிட்டேள்!" சியாமளாதான், வேறு யார், முதலில் உள்ளே வந்தவள் அவள். "கோலத்தை முடிச்சு வச்சேன், இதுல என்ன காரியம்?" என்றேன். "இத்தனை மாசமா வெறுமனே ஒக்காந்திருந்த பொண்ணு, இன்னிக்குத்தான் பிரஷ்ஷையே தொட்டா மாமி" என்றாள். திட்டியிருந்தால் நாலு கொடுத்திருப்பேன். அவள் கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தால் சுபா வாசலில் நிற்கிறாள், டீ டம்ளரோடு. அவளுக்கு ஒன்று பிடிக்காவிட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொள்வாள், பிறகு அந்தப் பக்கமே போகமாட்டாள், உனக்குத் தெரியாததா? இனிமேல் இந்தப் படி ஏறமாட்டாள், நானே என் கையால் இவளைத் தஞ்சாவூர் வண்டியில் ஏற்றிவிட்டேன் என்று நினைத்தேன். உன் குரல்தான் காதில் கேட்டது, பெயிண்ட் அடிச்சு என்ன ஆவப்போவுது என்று.

நான் எழுந்திருக்கப் போனேன், ஜ்யோத்ஸ்னா தோளைத் தொட்டு உட்காரவைத்தாள். சுபாவிடம் ஓடவில்லை, அணைக்கவில்லை, ஒன்றுமில்லடா கண்ணு என்று சொல்லவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "சுபா, இது உன் பக்கம். என்ன பண்ணலாம்?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வழக்கம்போல நான், "அவளுக்கு ஒண்ணும் வேணாம்மா, வேற பேப்பர் குடு, அவ..." என்று ஆரம்பித்தேன். ராஜகோபாலன் என் பக்கம் திரும்பி உதட்டின் மேல் விரலை வைத்தார். பேசாத மனுஷன் என்னைப் பேசாதே என்கிறார்! வாய் தானாக மூடிக்கொண்டது.

சுபா வந்தாள். டம்ளரை ஓரமாக வைத்தாள். இருப்பதிலேயே பட்டையான பிரஷ்ஷை எடுத்தாள், வெள்ளையைத் தோய்த்தாள், என் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தாள். கோபமாக இல்லை தம்பி, வீடு மெழுகுகிற மாதிரி, நிதானமாக. அவள் வைத்த புள்ளிகளை ஒதுக்கி ஒதுக்கி, சுற்றிவந்து அழித்தாள். இடையில் நான் வைத்த புள்ளிகள் இருக்கிறதே, அதிலும் அதே சிவப்பு, அதே மஞ்சள்தான், எது அவளுடையது எது என்னுடையது என்று வைத்த எனக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. என்னுடையதை மட்டும் எடுத்தாள், ஒன்று விடவில்லை. கிண்ணத்தில் வெள்ளை தீர்ந்தபோது ராஜகோபாலன் சத்தமில்லாமல் தன் கிண்ணத்தை நகர்த்திவைத்தார். ஷ்ரவணின் முனகல் நின்றிருந்தது, அது மறுபடி தொடங்கியது, அவள் பிரஷ் போகிற வேகத்துக்குப் போனது, அவள் நிறுத்தினால் நின்றது. யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லித்தரவில்லை. சன்னிதியில் திரை விலகப்போகிற நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போமே, அப்படி நின்றோம். ஸ்ரீநிவாஸ்கூட நின்றார்.

முடித்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாள். நேராகக் கண்ணைப் பார்த்தாள். "பாட்டி, இது என்னுது" என்றாள். பிறகு ஒரு புதுக் காகிதத்தை எடுத்துப்போய் கோடிச் சுவரோரம் போட்டாள். "ஒனக்கு அது. அங்க போ." போனேன் தம்பி. கட்டின புருஷன் சொல்லி ஒரு அடி நகராத உன் அக்கா, அவள் சொன்ன சுவரோரம் போய் உட்கார்ந்தாள். சியாமளா சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அந்த நிமிஷம் அவளை மனதார மன்னித்தேன். படி இறங்கும்போது "பாத்து எறங்குங்கோ மாமி, வயசாயிடுத்து" என்றாள், வாபஸ் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது சுபாவிடம், "அந்தப் புள்ளியெல்லாம் என்னடி கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டேன். "கேக்கக் கூடாது" என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகையால் தம்பி, அந்த இல்லத்தில் சொல்லிவைத்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. என்னுது என்று சொல்லத் தெரிந்தவளை மூட்டை மாதிரி கொண்டுவந்து இறக்கிவிட முடியாது. அவள் எங்கேயும் வரமாட்டாள். எனக்கப்புறம் யார் என்று கேட்டாயே, எனக்கப்புறம் அவள்தான். சந்தேகமிருந்தால் அவளையே கேள், அவள் சொல்வதுதான் முடிவு, மலைமந்திர் முருகன்மேல் ஆணையாக எழுதுகிறேன்.

இப்போது சுகம் விசாரிக்கிறேன். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? தமிழ்செல்வியின் இடுப்பு வலி தேவலையா? இங்கே குளிர் எலும்பில் இறங்குகிறது, மற்றபடி குறைவில்லை. நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருந்து என்னோடு சண்டை போட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா சாந்தகுமாரி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால் நேற்று இதை சுபாவுக்குப் படித்துக் காட்டினேன், அவளைப் பற்றியதாயிற்றே. கேட்டுக்கொண்டு வந்தவள் 'எங்கேயும் வரமாட்டாள்' என்கிற இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நீ ஏன் சொல்ற? நான் பாக்கணும்" என்றாள். "எதைடி?" என்றேன். "போன்ல தாத்தா சொன்ன வீடு. பாத்துட்டு நான் சொல்றேன்." பட்டாணி உரித்துக்கொண்டே அன்றைக்கு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சரி, நானும் கூட வருகிறேன் என்றேன். "பாட்டி வேணாம். அப்பா போதும்" என்றாள். செந்தில் அப்போதே டிக்கெட் பார்க்க உட்கார்ந்துவிட்டான், முருகன்மேல் ஆணை வைத்த பிறகு நான் என்ன பேச முடியும்? ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. இல்லத்துக்காரர்களிடம் விவரமாகச் சொல்லி வை. அவளைக் கொண்டுவந்து விடவில்லை, அவள் பார்க்க வருகிறாள். தை பிறந்ததும் ஒரு வியாழக்கிழமை கிளம்பி அடுத்த புதன்கிழமைக்குள் டெல்லி திரும்பிவிட வேண்டுமாம், அதையும் அவளே சொல்லிவிட்டாள். உன்னை நான் மன்னித்தாகிவிட்டது, நிம்மதியாக இரு. இந்த வீட்டில் ஒருத்தி மேல் மட்டும் நான் இதுவரை கோபம் வைத்ததேயில்லை, பச்சைக் குழந்தை மேல் யார் வைப்பார்கள்? நேற்றிலிருந்து வைத்திருக்கிறேன், பெரிய மனுஷிக்கு வைக்கிற அளவுக்கு முழுசாக வைத்திருக்கிறேன். என் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொன்னவளை இந்த ஜன்மத்தில் மன்னிக்கமாட்டேன். அவள் பெயர் சுபாஷிணி.