ஊரில் இருந்த ஒரே ஆம்பளை உங்கள் வீட்டில்

வலங்கைமான் பக்கம்,
ஆடி மாதம்.

திருவிடைமருதூரில் சீரும் சிறப்புமாக வாழும் மச்சான் சாமிதுரை அவர்கள் சமூகத்துக்கு, தங்கையன் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் பசுமாடும் கோழிகளும் நலம். நான் வடித்த சோற்றை மாடு மட்டும் மறுக்காமல் தின்கிறது. அவ்விடம் நீங்களும், அக்காவும், கோபித்துக்கொண்டு வந்திருக்கும் உங்கள் தங்கை அம்சமும் நலமா? அவள் கோபம் மட்டும் நலிந்துபோக வேண்டும் என்று மகாலிங்கசாமியை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் சொல்லலாம் என்றால் உங்கள் போனும் அவள் கையில்தானாமே. என் நம்பரைப் பார்த்ததும் கட். "என்னைச் சந்தேகப்பட்டாரு" என்று மட்டும்தான் சொல்லியிருப்பாள். முழுசாகக் கேளுங்கள் மச்சான்.

நாங்கள் குத்தகைக்குச் சாகுபடி செய்கிற நிலத்தின் சொந்தக்காரர் ரெங்கசாமி, திடீரென்று ஒரு பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு வந்தார். குத்தகையை நானே மனமுவந்து விட்டுக்கொடுத்துவிட்டேனாம், கீழே என் கைநாட்டாம். எனக்கா கைநாட்டு? நான் கையெழுத்துப் போட்டால் கடைசிச் சுழி பக்கத்து வீட்டுக் கொல்லை வரை போகும்! "அன்னிக்கு உனக்குக் கை சுளுக்குன்னு சொன்னியேடா" என்கிறார் மனுஷன், கூசாமல். சரி, விஞ்ஞானத்தால் அடிப்போம் என்று என் சீட்டாட்டக் கூட்டாளி பஞ்சநதத்தைக் கூட்டி வந்தேன். போலீசில் கைரேகைப் பிரிவில் இருந்து ரிட்டையர் ஆனவன். லென்ஸ், மைப்பெட்டி, ஒரு வெளிநாட்டுப் புத்தகம், நடுவில் குட்டிச் சதுரம் வெட்டிய அட்டை. அந்தச் சதுரத்துக்குள் எத்தனை ரேகை ஓடுகிறது என்று எண்ணுவானாம். "பொம்பளைங்களுக்கு ரேகை மெல்லிசு, நெருக்கமா ஓடும். பதினொண்ணு வரைக்கும் ஆம்பளை, பன்னெண்டுலேர்ந்து பொம்பளை" என்று சொல்லிவிட்டுப் பத்திரத்து ரேகையை எண்ணினான். பதிமூன்று.

"பொம்பளை விரல்!" என்று நான் பெஞ்சின் மேலேறிக் குதித்தேன். ரெங்கசாமி அசரவில்லை. "அப்ப உன் பொண்டாட்டி வெச்சிருக்கா. எல்லாம் ஒரே வீடுதானே?" டீக்கடையே திரும்பி, பால் ஊற்ற வந்த அம்சத்தைப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து என் பாழும் வாய், "அடியே, நீயா?" என்று கேட்டுவிட்டது.

அவள் பால்கேனை வைத்தாள். மையில் கட்டைவிரலை அமுக்கினாள். ஒரு வெள்ளைத்தாளில் குத்தினாள். பஞ்சநதம் எண்ணிவிட்டுத் தலையைச் சொறிந்தான்: "பதினொண்ணு. ஆம்பளை!" சிரிப்பு அடங்குவதற்குள் என் விரலைப் பிடித்து வைத்தார்கள். சீட்டுக்கட்டைத் தவிர வேறெதற்கும் வணங்காத விரல் அல்லவா, பதினாலு! அப்புறம் ஊரே வரிசை கட்டியது. எலுமிச்சம்பழம் நிற்கிற மீசை வைத்த கட்சிக் கிளைச் செயலாளர் நல்லக்கண்ணுவுக்குப் பதிமூன்று. "வெளியில சொல்லிடாதீங்கப்பா, மகளிரணிக்கு மாத்திடுவாங்க" என்று கெஞ்சினார்.

அம்சம் புடவைத் தலைப்பில் மையைத் துடைத்தாள். "ஊர்ல ஒரே ஆம்பளை நாந்தாங்க. ஆம்பளை எங்க போறான், எப்ப வருவான்னு யாரும் கேக்கக் கூடாது." டவுன் பஸ் ஏறிவிட்டாள்.

ரெங்கசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகளிரணிக் கவலையில் இருந்த நல்லக்கண்ணுவுக்கு எரிந்தது. "நீங்க இன்னும் வெக்கலியே ஐயா? பயமா?" "எனக்கென்னடா பயம்?" குத்தினார். அவருக்கும் பதிமூன்று! "புத்தகம் தப்பு!" என்று அவர் போட்ட கத்தலில் பஞ்சநதம் கடைசிப் பக்கங்களைப் புரட்டினான். "ஆங், பின்னாடி போட்டிருக்கான். முன்னாடி பாத்தது வெள்ளைக்காரங்க கணக்கு. சீமைக்குச் சீமை மாறுமாம். நம்ம பக்கம் ஆம்பளைக்கும் ரேகை நெருக்கம்தான். பதிமூணு வரைக்கும் ஆம்பளை, அதுக்கு மேல பொம்பளை. அதுவும் பொதுவா சொல்றது, தனி ஆளை வெச்சு சத்தியம் பண்ண முடியாது." இழந்த ஆண்மை திரும்பிய சந்தோஷத்தில் ஊரே டீ குடித்தது. பதினாலுக்காரன் நான் மட்டும் கரையேறவில்லை.

ஆனால் பஞ்சநதம் டீயைத் தொடவில்லை. பத்திரத்தையும் ரெங்கசாமி குத்திய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். "எண்ணிக்கை கெடக்கட்டும். இதுலயும் சக்கர ரேகை, அதுலயும் சக்கர ரேகை. இதுலயும் குறுக்க ஒரு வெட்டு, அதுலயும் அதே எடத்துல வெட்டு." ரெங்கசாமி பொங்கலன்று பாக்குவெட்டியில் விரலை நறுக்கிக்கொண்டு ஊரைக் கூட்டியது யாருக்குத் தெரியாது? தன்னை ஆம்பளை என்று காட்டப் போய், பத்திரத்தில் தானே குத்தியதைக் காட்டிவிட்டார் மச்சான்! பத்திரத்தைக் கிழித்து வாய்க்காலில் விட்டார். "புதுசா குத்தகை எழுதிக்கலாம், நடவைப் பாருங்க" என்று குடையைக்கூட மறந்து போய்விட்டார்.

ஆக, அவள் கோபித்ததால்தான் நிலம் தப்பியது. நாற்று முற்றுகிறது, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நான் கேட்டது மகா தப்பு. என் வாய்க்கு நான் பொறுப்பு, அவள் காலுக்கு என் தலை பொறுப்பு. கோபத்தை நீங்கள் வைத்துக்கொண்டு தங்கையை மட்டும் பஸ் ஏற்றிவிடுங்கள். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகள் நெல்லும் நீரும் போல நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடத் தெரிந்த
தங்கையன்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். கடிதத்தை ஒட்டுவதற்குள் அம்சம் தானே வந்து இறங்கிவிட்டாள். சேதி கேட்டு நேரே ரெங்கசாமி வீட்டுக்குப் போய், 'வீட்டு ஆம்பளை பேர்ல எழுதுங்க' என்று குத்தகையைத் தன் பெயரில் எழுதி வாங்கிக்கொண்டாள். அதோடு விட்டாளா? "நடவுக்குப் பொம்பளை ஆள் ஒண்ணு கொறையுது. பதினாலுதானே நீங்க? காலையில எறங்குங்க" என்கிறாள். ஆகவே நான் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பொம்பளை கோபித்துக்கொண்டால் பிறந்த வீட்டுக்குப் போவதுதானே வழக்கம்? எனக்கு அப்படி ஒரு வீடு இல்லாததால் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தையும் நானே கொண்டு வருகிறேன். கதவைத் திறங்கள் மச்சான், வாசலில்தான் நிற்கிறேன்.