கோட்டக்கா போட்ட இதயம்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே கோட்டக்கா சுண்ணாம்புக் கோடு போடாத இடம் இரண்டுதான். ஒன்று காவேரித் தண்ணீர், மற்றொன்று பெரிய கோயில் விமானத்தின் உச்சி. முன்னதில் கோடு நிற்காது, பின்னதில் ஏற விடமாட்டார்கள். மற்றபடி நாங்கள் பி.எட். படித்தபோது தங்கியிருந்த பெண்கள் விடுதியின் தாழ்வாரம், சாப்பாட்டுக்கூடம், குளியலறை வாசல், மொட்டை மாடி என்று எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. அவளுடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எங்களுக்கெல்லாம் இருபத்து மூன்று வயது, அக்காவுக்கு முப்பத்தைந்து. ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்றுப் பறித்து, நடவு நட்டுப் படிக்க வைத்த பெண். விலங்கியல் பட்டமும் உடற்கல்விப் பட்டமும் வாங்கி, ஒரு தனியார் பள்ளியில் எட்டு வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவள். நாலாவது படிக்கிற மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு மறுபடியும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். காரணம் கேட்டேன்.

"பி.டி. பீரியடுன்னா என்னன்னு நெனச்சே? கணக்கு வாத்தியாரு போர்ஷன் முடிக்கிற பீரியடுடி அது. அவரு விட்டா இங்கிலீஷ் மிஸ்ஸு, அவங்க விட்டா சயின்ஸ் மிஸ்ஸு. எட்டு வருஷமா பந்தைக் கையில வச்சிக்கிட்டு வராண்டாவுல நின்னுருக்கேன்."

"அதுக்கு பி.எட். படிச்சா என்னக்கா ஆவும்?"

"இனிமே பயாலஜி டீச்சரும் நான்தான், பி.டி. டீச்சரும் நான்தான். பயாலஜி டீச்சர் வந்து பீரியடு கேப்பா. பி.டி. டீச்சர் பெரிய மனசு பண்ணிக் குடுத்துருவா. அப்புறம் ரெண்டு பேருமா கிரவுண்டுக்குப் போயிருவோம்!"

இப்படி யோசிக்கிற மூளையை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. ஆனால் விஷயம் அவ்வளவு விளையாட்டும் இல்லை. இரண்டு பாடமும் எடுக்கிற ஒருவர்தான் இனி வேண்டும் என்று அந்தப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். பி.எட். முடித்து ஜூன் மாதம் வந்தால் நிரந்தர வேலை, வராவிட்டால் வேறு ஆள். ஒரு தாளில் போனாலும், செய்முறைத் தேர்வில் போனாலும், எட்டு வருஷ வேலை அதோடு போச்சு.

விடுதிக்கு வந்த இரண்டாம் நாளே குளியலறை வாசலில் கோடு விழுந்தது. வாளியோடு வருகிறவர்கள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். விரல் நுனி கோட்டைத் தாண்டினால், "ஃபவுல்! கடைசிக்குப் போ!" வார்டன் அம்மாவே ஒருநாள் ஃபவுல் ஆகி, நாலு பேருக்குப் பின்னால் போய் நின்றார். கோபப்படுவார் என்று பார்த்தால், வரிசை வேகமாக நகர்கிறதே என்று அவரே சந்தோஷப்பட்டார்.

காலை ஐந்தரை மணிக்கு எங்களை மொட்டை மாடிக்கு விரட்டுவாள். உட்கார்ந்து எழு, எழுந்து உட்கார். இது எங்கள் உடம்புக்காக என்று நான் ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது அவளுடைய படிப்பு.

"எங்கடி வலிக்குது?"

"கெண்டைக்கால்லக்கா. உயிர் போவுது."

"காஸ்ட்ராக்னீமியஸ்! உனக்கு?"

"தோள்பட்டை."

"டெல்டாய்டு! நாளைக்கு முதுகு பாத்துருவோம். வலிக்காத தசையோட பேரு எனக்கு மனசுல நிக்காது."

வலி எங்களுக்கு, மார்க்கு அவளுக்கு! ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருஷம் தசைகள் பற்றிய கேள்விக்கு எங்கள் விடுதியில் ஒருத்திகூடத் தப்பாக எழுதவில்லை. நான் பதில் எழுதும்போது ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்த்துக்கொண்டே எழுதினேன்.

வகுப்பில் நாங்களே மாணவர்களாக உட்கார, எங்களில் ஒருத்தி ஐந்து நிமிஷம் பாடம் நடத்திப் பழக வேண்டும். அக்காவுக்கு ஒளிச்சேர்க்கை வந்தது. எங்கள் பேராசிரியையையும் சேர்த்து முப்பது பேரை வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினாள். கைகளை விரித்துக்கொண்டு நிற்கச் சொன்னாள். ஐந்து நிமிஷம் இருபதானது.

"இப்பத் தெரியுதா இலை படுற பாடு? நெழல்ல உக்காந்து சாப்புடுறது நாம. வெயில்ல நின்னு சமைக்கிறது அது."

பேராசிரியைக்கு முகமெல்லாம் வேர்த்து ஊற்றியது. "பாடம் நல்லாத்தாம்மா இருக்கு. தேர்வுல இந்த மாதிரி பண்ணிடாத. வெளியிலேர்ந்து வர்றவரு கிளாஸ்ரூமுக்குள்ளதான் பாப்பாரு" என்றார். அக்கா பவ்யமாகத் தலையாட்டினாள். அவள் தலையாட்டினால் கேட்கப்போவதில்லை என்று அர்த்தம்.

செய்முறைத் தேர்வு திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளியில். எட்டாம் வகுப்பு, இதயம், இரத்த ஓட்டம். பாடத்திட்டத்தில் 'செயல்வழிக் கற்றல்' என்று அழகாக எழுதிப் பேராசிரியையிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். அந்தச் செயல் என்ன என்பது கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியாது. காலை எட்டு மணிக்கு நானும் அவளும் சுண்ணாம்பு வாளியோடு மைதானத்துக்குப் போனோம். அறுவடை நேரம். பாதி மைதானத்தில் ஒருவர் நெல்லைப் பரப்பிக் காயப் போட்டுக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிக்குங்க. பத்து மணிக்குள்ள இதயம் போடணும்."

"எதைப் போடணும்?"

"இதயம்ண்ணே. மனுச இதயம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மனுஷர் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்தாரோ என்னவோ, மறுபேச்சுப் பேசாமல் நெல்லை ஓரமாகத் தள்ளிக்கொடுத்தார். அரை மணி நேரத்தில் நாலு அறை, போக ஒரு வழி, வர ஒரு வழி, வாசலுக்கு வாசல் வால்வு என்று கபடி மைதானம் அளவுக்கு ஒரு இதயம் தரையில் தயாராகிவிட்டது.

வெளித்தேர்வாளர் வந்தார். வயதானவர், கையில் குடை. "கிளாஸ் எங்கம்மா?" என்றார்.

"இதுதாங்கய்யா. நீங்க மகாதமனிக்குப் பக்கத்துல உக்காருங்க, அங்கதான் நெழல் இருக்கு."

கெட்ட இரத்தத்துக்கு நீல ரிப்பன், நல்ல இரத்தத்துக்குச் சிவப்பு ரிப்பன். அக்கா விசில் ஊதினாள். நாற்பது பிள்ளைகள் இரத்தமாக ஓடினார்கள். முதல் சுற்றின் பாதியிலேயே சிவப்பும் நீலமும் நட்டநடுவில் மோதிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. பாதிப் பிள்ளைகள் புத்தகப் படத்தில் பார்த்த இடது பக்கம் போனார்கள். மீதிப் பிள்ளைகள் அக்கா "லெஃப்ட்! லெஃப்ட்!" என்று கத்திய பக்கம் போனார்கள். இரண்டும் எதிரெதிர்ப் பக்கமாக இருந்தன.

நெல்காரர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "டீச்சர், மடையை மாத்தித் தொறந்துட்டீங்க போலருக்கே! ரெண்டு வாய்க்காத் தண்ணியும் எதுத்தாப்புல வருது!"

தேர்வாளர் குடையைத் தரையில் ஊன்றி எழுந்தார். "ஏம்மா, இந்த இதயத்துல எது இடது?"

ஜூன் மாத வேலை என் கண் முன்னாலேயே காற்றில் பறந்துபோனது. புத்தகப் படத்தில் இதயத்தின் இடது பக்கம் நமக்கு வலது கைப் பக்கம் இருக்கும். அக்காவோ மைதானத்தில் கோடு போட்டே பழகியவள். இதயத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, தன் இடது கைப் பக்கத்தையே இடது என்று போட்டுவிட்டாள். அவள் குனிந்து கோட்டைப் பார்த்தாள், நிமிர்ந்து நெல்காரரைப் பார்த்தாள்.

"தப்பு என்னுதுதாங்கய்யா" என்றாள். அப்புறம் திரும்பி, "அண்ணே, கொஞ்சம் இங்க வந்து படுங்க" என்றாள்.

நெல்காரர் துண்டை உதறிவிட்டு வந்து, இதயத்தின் நடுவில் மல்லாந்து படுத்தார்.

"இடது கையத் தூக்குங்க. புள்ளைங்களா, பாருங்க. கை எந்தப் பக்கம் இருக்கு? புத்தகத்துல இருக்குறவரு நம்மளப் பாத்து இப்படித்தான் படுத்துருக்காரு. அண்ணே, இப்பக் குப்புறப் படுங்க. அதே கையத் தூக்குங்க. இந்தா, இப்ப எந்தப் பக்கம் வந்துருச்சு? மிஸ் போட்டது குப்புறப் படுத்தவரோட இதயம்!"

"நெல்லு காயப் போட வந்தவனைக் காயப் போட்டுட்டீங்களே" என்று தரையிலிருந்து நெல்காரர் முனகினார். மைதானமே சிரித்தது. தேர்வாளரும்தான்.

"போட்ட கோட்டை அழிக்க நேரமில்ல. இப்ப என்ன பண்ணலாம்?" என்று அக்கா கேட்டாள்.

ஒல்லியாக ஒரு பெண் கையைத் தூக்கினாள். "பேரை மட்டும் மாத்திரலாம் மிஸ்."

இடது வலது ஆனது, வலது இடது ஆனது. மறுபடி விசில். ஒரு மோதல் இல்லாமல் இரத்தம் மூன்று சுற்று ஓடியது. கடைசிச் சுற்றில் பிள்ளைகளே எந்த அறை, எந்த வால்வு என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். நீல ரிப்பன் கட்டியவர்கள் நுரையீரல் பக்கம் போய்ச் சிவப்பு மாற்றிக்கொண்டு வந்த அழகை நான் இன்றைக்கும் சொல்லுவேன்.

"இந்த இடது வலதுல நானே சின்ன வயசுல முழிச்சிருக்கேம்மா" என்றார் தேர்வாளர். "ஆனா கரும்பலகையே இல்ல. அதுக்கு மார்க்கு குறைப்பேன்."

"தாராளமாக் குறைச்சுக்குங்கய்யா. பாஸ் மட்டும் போட்டுருங்க."

அவர் போன பிறகு அக்கா வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். "செத்துட்டேன்டி. எம்பொண்ணு மொகம்தான் ஞாபகம் வந்துச்சு" என்றாள். அவளுக்குப் பயம் என்ற ஒன்று உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. சுண்ணாம்பு அப்பியிருந்த அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

பாஸ் ஆகிவிட்டாள். விடுதியைக் காலி செய்து அவரவர் ஊருக்குப் போனோம். ஜூனில் நான் நாகப்பட்டினம் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்திருந்தேன். சேர்ந்த முதல் வாரம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வகுப்பில் எடுக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். அன்றைக்குத்தான் அக்கா சான்றிதழோடு பள்ளி நிர்வாகியைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்பதும் தெரியும். எடுத்துவிட்டேன்.

"ஆர்டர் குடுத்துட்டாங்கடி. பர்மனென்ட்டுன்னு எழுதியிருக்கு. நாலு தடவை படிச்சுப் பாத்துட்டேன்."

போனை வைத்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முன் பெஞ்சுப் பெண் எழுந்து நின்றாள். "ஏன் மிஸ் அழுவுறீங்க?"

"எங்கக்காவுக்கு வேலை கெடச்சிருச்சும்மா" என்றேன்.

எங்கள் வீட்டில் நான் ஒரே பெண். கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது.