பாரிவாக்கம் வான்படையின் வீர வரலாறு

உலகப் போர்களின் வரலாற்றை எழுதியவர்கள் பாரிவாக்கத்தை விட்டுவிட்டது மன்னிக்க முடியாத குற்றம். எங்கள் ஐந்து மாடிக் குடியிருப்பில் இயங்கிவரும் ‘தொலைதூரக் குண்டுவீச்சுப் படைத் தலைமையகம்’, ஒரு விமானம்கூட இல்லாமல், நான்கு வருடமாக, ஒருநாள் விடாமல் தாக்குதல் நடத்திவருகிறது. சங்கச் செயலாளர் என்ற முறையில் அதன் அதிகாரபூர்வ வரலாற்றை எழுதும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

குண்டு என்பது கறுப்பு பிளாஸ்டிக் பை. உள்ளே வீட்டுக் குப்பை. விமானதளம், பால்கனி. இலக்கு, மதிலுக்கு அந்தப் பக்கம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் ‘காலி’ மனை. லிஃப்டில் இறங்கி, கேட் வரை நடந்து, தொட்டியில் போடும் தரைப்படை முறை நாகரிக மனிதர்களுக்கு ஏற்றதல்ல என்று ஆரம்பத்திலேயே முடிவாகிவிட்டது.

தளபதி பக்தவத்சலம். ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் பணியாற்றியவர். கேண்டீனில்தான் என்றாலும் ராணுவம் ராணுவம்தானே. இரட்டை முடிச்சு, மூன்று சுழற்றல், பிறகு விடுதல் என்ற போர்முறை அவர் வகுத்தது. மூன்றாம் மாடி ஸ்ரீகாந்த் ஐ.டி.க்காரர், காற்றின் வேகத்தைக் கணக்கிட்டு எக்செல்லில் அட்டவணை போட்டார். அன்றுமுதல் அவருடைய டயாபர் குண்டுகள் பத்தடி கூடுதலாகப் போயின. எனக்குப் பொறாமையாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். போன திங்கட்கிழமை மாலை நானும் அட்டவணையைப் பார்த்து, நான்கு முறை சுழற்றி விட்டேன். பை முள்மரங்களைத் தாண்டிப் போய் மறைந்தது. பெருமை தாங்கவில்லை.

மறுநாள் எங்கள் படைக்கு முதல் நெருக்கடி. கண்ணம்மா வரவில்லை.

தினமும் காலை ஆறரைக்கு மொபெட்டில் இட்லி மாவுப் பாக்கெட்டுகளோடு கேட்டில் வந்து நிற்பவள் அவள். எங்கள் அறுபது வீடும் அவள் மாவை நம்பித்தான் விடிகிறது. அன்று அறுபது வீட்டிலும் பிரெட். மாலையில் அவசரக் கூட்டம் கூட்டி, ‘உணவு விநியோகத்தில் ஏற்பட்ட முறிவு’ குறித்து விளக்கம் தர அவளை வரவழைத்தோம். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

“மாவு அண்டாவுல பை உயுந்துச்சு சார். கிழிஞ்சி உள்ளயே கொட்டிகிச்சு. அத்தினி மாவும் போச்சு” என்றாள்.

அவள் மாவு அரைப்பது எங்கே என்று தளபதி விசாரித்தார்.

“இன்னா நைனா, மதிலுக்கு அந்தாண்டதான் என் ஊடு. முள்ளுக்குப் பின்னால கீது. நாலு வருசமா அங்கதான் ஒங்களுக்கு அரைச்சிகினு கீறேன்.”

முன்பெல்லாம் பைகள் முள்ளில் மாட்டிக்கொண்டு நின்றுவிடுமாம். அண்டாவையும் எப்போதும் மூடித்தான் வைப்பாளாம். திங்களன்று உப்புப் போட்டுக் கலக்கத் திறந்த நேரத்தில்தான் விழுந்ததாம். ஸ்ரீகாந்த் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தளபதி கலங்கவில்லை. பக்கத்துக் குடியிருப்புக்காரர்களின் குண்டாக இருக்கலாம், ஆதாரம் வேண்டும் என்றார். தீர்மானமும் தயாரானது: கண்ணம்மா தன் செலவில் அண்டாவுக்கு மேல் தகரக்கூரை போட வேண்டும், பாழான மாவைக் கண்ட இடத்தில் கொட்டிச் சுற்றுப்புறத்தை அசுத்தப்படுத்தியிருந்தால் அபராதம் உண்டு. எழுதியது நான்தான்.

“மாவை எங்கம்மா கொட்டினே?” என்று மிடுக்காகக் கேட்டேன்.

“ஒங்க கேட்டாண்ட கீற தொட்டில சார். குடத்துல மொண்டு மொண்டு ஆறு நடை. அது எப்பவும் காலியாத்தானே கீது.”

பிறகு இடுப்பிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். பையோடு அண்டாவில் விழுந்ததாம். ஆன்லைன் பார்சலில் ஒட்டி வரும் முகவரிச் சீட்டு. மேலே மாவு காய்ந்திருந்தது. எல்லாரும் குனிந்து படித்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

வரலாற்று ஆசிரியர்கள் பொதுவாக வரலாற்றுக்கு வெளியே நிற்பார்கள். நான் உள்ளே இருக்கிறேன்: பூபாலன், நான்காம் மாடி, 4-பி, கைபேசி எண்ணோடு.

ஆகவே, இந்த வரலாற்றைப் படிக்கும் தலைமுறைகள் குறித்துக்கொள்ளட்டும். குண்டில் தன் பெயரையும் முகவரியையும் ஒட்டி அனுப்பிய ஒரே வான்படை எங்களுடையது. காலையில் யார் கையால் சாப்பிட்டோமோ, சாயங்காலம் அவள் அண்டாவில் குண்டைப் போட்டதும் நாங்கள்தான்.