ஹேடெபியில் கேட்ட கேள்வி

ஒட்வார் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது மேசை மேல் பாதாம் வளையக் கேக் ஒன்று கோபுரமாக நின்றுகொண்டிருந்தது. பதினெட்டு அடுக்கு, உச்சியில் குட்டிக் கொடி. நார்வேயின் ஃப்ளோரோ ஊரில் அந்தக் கேக்கை வெறும் வெள்ளிக்கிழமைக்கெல்லாம் யாரும் வாங்குவதில்லை. கல்யாணம், ஞானஸ்நானம், அறுபதாவது பிறந்தநாள், இந்த மூன்றில் ஏதாவது ஒன்று வேண்டும். குன்வோருக்குப் பிறந்தநாள் அக்டோபரில், இது ஏப்ரல். எதையோ மறந்து தொலைத்திருக்கிறோம் என்று அவன் நாட்களை விரல்விட்டு எண்ணினான்.

குன்வோர் சமையலறையிலிருந்து வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

"நான் 'ஆமாம்'னு அழுத்திட்டேன்," என்றாள்.

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்கிறதப் பாரு. ஃபெர்ரிப் படகுல உக்காந்துதான் அழுத்தினேன். அழுகை வந்திருச்சு. எதிர்ல இருந்தவர் கைக்குட்டையெல்லாம் குடுத்தார்."

அவள் தன் கைக்கணினியை நீட்டினாள். அதில் ஓடிக்கொண்டிருந்தது ஒட்வார் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து எழுதிய வைக்கிங் ஆட்டம். படகில் கருவாடும் தேனும் ஏற்றிக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகப் போய் வியாபாரம் செய்ய வேண்டும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஹேடெபித் துறைமுகத்து வணிகப் பெண்ணுக்கு அவன் குன்வோர் என்றே பெயர் வைத்திருந்தான். ஆசையாக வைத்த பெயர்தான், அதை வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் அவனிடம் இல்லை. அவளிடம் தேனைக் கொண்டுபோனால், பரிசாகக் கொடுக்கிறாயா என்று திரை கேட்க வேண்டும்.

திரை அப்படிக் கேட்கவில்லை. "குன்வோர். கிஃப்ட்?" என்று கேட்டிருந்தது. கீழே ஆமாம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். ஆமாம் என்று அழுத்தியதற்குப் பதிலும் வந்திருந்தது: "நன்றி. இதற்காக எத்தனையோ காலம் காத்திருந்தேன்."

ஒட்வாருக்குப் புரிந்துவிட்டது. கிஃப்ட் என்றால் ஆங்கிலத்தில் பரிசு. நார்வே மொழியில் அதே நாலெழுத்துக்குக் கல்யாணமானவர் என்று அர்த்தம். போதாததற்கு விஷம் என்றும் அர்த்தம். இரண்டுக்கும் ஏன் ஒரே சொல் என்று கேட்டால், அந்த ஊர்க்காரர்கள் சிரித்துவிட்டு இன்னொரு கோப்பை காப்பி ஊற்றுவார்கள். ஆங்கிலத்தில் செய்த ஆட்டத்தைத் தாய்மொழிக்கு மாற்றித் தந்தவன் அவனுடைய பள்ளித் தோழன் தூர்மோட், எதிர்த்தீவில் ஆங்கில வாத்தியார். இருநூற்றுப் பன்னிரண்டு சொற்களைப் பென்சிலில் எழுதி, அதே பள்ளியில் நூலகம் பார்க்கும் குன்வோரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். ஒட்வார் அதைக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே ஏற்றிவிட்டான். தூர்மோட் ஒரு சொல்லை மாற்றாமல் விட்டிருக்கிறான் பாவி, குன்வோர் அதைக் கல்யாணமா என்று படித்திருக்கிறாள்.

ஒட்வாரும் குன்வோரும் பதினெட்டு வருஷமாகக் கல்யாணம் ஆகாமலே ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள். அதை அந்த ஊரில் யாரும் ஒரு பொருட்டாகப் பேசுவதில்லை. கல்யாணம் வேண்டாம் என்றும் அவர்கள் முடிவு செய்ததில்லை. முதலில் கூரை ஒழுகியது, பிறகு படகுக்கு எஞ்சின் மாற்ற வேண்டியிருந்தது, அப்படியே போய்விட்டது. கேக்கைச் சாப்பிட்டுவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒட்வார் நினைத்தான்.

கேக்கின் மூன்றாவது வளையத்தைத் தின்றுகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஹேகசுந்திலிருந்து குன்வோரின் அம்மா போர்கில்ட். பதினெட்டு வருஷமாக அவனை 'அந்தப் பையன்' என்றே குறிப்பிட்டு வந்தவர்.

"மாப்பிள்ளை," என்றார், குரல் தழுதழுக்க. சொல்ல நினைத்த உண்மையை ஒட்வார் கேக்கோடு சேர்த்து விழுங்கினான்.

திங்கட்கிழமை துறைமுக அலுவலகத்தில் மேலதிகாரி ஸ்வெரே அவனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவரும் அந்த ஆட்டம் ஆடுகிறவர்.

"ஒட்வார், உன் ஆட்டம் எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேக்குது. என் சம்சாரம் போய் மூணு வருஷம். என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. 'இல்லை'ன்னு அழுத்தினா தேனெல்லாம் போயிருச்சு."

ஒட்வாருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, தன்னை நினைக்க அதைவிடப் பாவமாக இருந்தது. அந்தக் கேள்வி ஊரையே கேட்கிறது என்று குன்வோருக்குத் தெரிந்தால் அவள் சந்தோஷம் என்ன ஆகும்? அது எனக்கும் குன்வோருக்கும் உள்ள சொந்த விஷயம், வெளியே சொல்லாதீர்கள் என்று ஸ்வெரேயைக் கேட்டுக்கொண்டான்.

ஸ்வெரே வெளியே சொல்லவில்லை. காப்பி அறையில் மட்டும் சொன்னார். ஒட்வார் பெண் கேட்ட அழகைப் பார்க்க வேண்டுமென்று எல்லோரும் கைக்கணினிகளை முகத்தோடு முகம் நீட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்டத்தை வாங்கிக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் பதினோரு கருவிகளில் ஹேடெபிக் குன்வோர் குடியேறிவிட்டாள். கல்யாணப் பரிசாக வாஃபிள் பலகாரம் சுடும் இரும்பு அச்சு ஒன்றும் வாங்கி வைத்துவிட்டார்கள். ஒட்வார் வீட்டில் ஏற்கெனவே மூன்று இருந்தன.

ஆட்டம் இருந்த இணையப் பக்கத்துக்கு வெளியூர்க் கடிதங்களும் வர ஆரம்பித்தன. துரோம்சோவிலிருந்து ஓர் அம்மாள் எழுதியிருந்தார்: "தேனில் விஷமா என்று கேட்கிறது. ஆமாம் என்றால் அந்தப் பெண் நன்றி சொல்கிறாள், இதற்காகத்தான் காத்திருந்தாளாம். இப்படிப்பட்டவளோடு என்னால் வியாபாரம் செய்ய முடியாது."

செவ்வாய்க்கிழமை ஒட்வார் சொல்லைத் திருத்திப் புதுப் பதிப்பை வெளியிட்டான். அலுவலகத்தில் மேசை மேசையாகப் போய்ப் பதினோரு கருவியிலும் அவனே ஏற்றினான். இனி ஹேடெபியில் நாகரிகமாகப் பரிசு என்றே கேட்கும். அப்பாடா என்று உட்கார்ந்தான்.

பத்து நிமிஷம்தான் உட்கார்ந்திருப்பான். ஸ்வெரே மெதுவாக வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"கேள்வியை எடுத்துட்டியேப்பா. கல்யாணம் நின்னு போச்சா?"

இல்லை என்று அவன் சொல்வதற்குள் காப்பி அறை அவனுக்காக வருத்தப்படத் தொடங்கிவிட்டது. யாருக்கு யார் சொன்னார்களோ, இரண்டு மணி நேரத்தில் செய்தி ஹேகசுந்துக்குப் போய்விட்டது. போர்கில்ட் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்தப் பையனிடம் தான் பேச விரும்பவில்லை என்பதைச் சொல்வதற்காக மட்டும் கூப்பிட்டதாகச் சொன்னார்.

புதன்கிழமை ஒட்வார் மூன்றாவது பதிப்பை வெளியிட்டான். அதில் பிழையைத் திரும்ப வைத்தான். என்ன மாறியிருக்கிறது என்ற இடத்தில், 'பழைய சொல்லே சரி' என்று எழுதினான். அதை எழுதும்போதுதான் அவனுக்கே ஒன்று உறைத்தது. நிஜமாகவே பழைய சொல்தான் சரி. அவள் ஆமாம் என்று அழுத்தியதில் அவனுக்குப் பயத்தைவிடச் சந்தோஷமே அதிகம் இருந்திருக்கிறது. இதைப் பத்து வருஷம் முன்னாலேயே வாயால் கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்கத் தெரியாத தன் மேல் அவனுக்குக் கோபம் வந்தது.

அன்று மாலை அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"குன்வோர், அந்த வார்த்தை..."

"எந்த வார்த்தை?"

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். அவன் உருளைக்கிழங்குக்கே திரும்பினான்.

"உன் கருவியில இருக்கிறது பழைய பதிப்பு. மாத்தித் தரட்டுமான்னு கேட்டேன்."

"என் ஆட்டத்துல நீ கை வைக்காதே," என்றாள் அவள். "எனக்கு அதுவே போதும்."

ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை கல்யாணம். ஃப்ளோரோவில் அதிசயமாக மழை இல்லை. போர்கில்ட் முன்வரிசையில் தேசிய உடையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைத் தோழன் தூர்மோட். தேவாலய வாசலில் அவன் ஒட்வாரின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான். இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்ததை ஒட்வாரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"டேய், நீ என்ன வாத்தியாருடா? இருநூத்திப் பன்னண்டு வார்த்தைல ஒண்ணைக் கோட்டை விட்டுட்டே. ஆனா உன் தப்பாலதான் இன்னைக்கு நான் இங்க நிக்கிறேன். அதுக்காக உன்னை மன்னிச்சுட்டேன். குன்வோர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுராதே."

உள்ளே ஆர்கன் வாசிக்கத் தொடங்கியது. தூர்மோட் அவன் பட்டையை இன்னொரு முறை இழுத்துவிட்டான்.

"நான் சரியாத்தான்டா எழுதியிருந்தேன்," என்றான். "ஃபெர்ரில என்கிட்டயே ரப்பர் வாங்கி, அந்த ஒரு வார்த்தையை அழிச்சு 'கிஃப்ட்'னு எழுதினது உன் குன்வோர்தான்."