கசக்காத அல்வா

வெள்ளைச் சர்க்கரை மனித குலத்தின் எதிரி என்று ராஜபாளையம் ஒருமனதாக முடிவு செய்த கோடையில், மாரிசெல்வி நூல் மில் வேலையை விட்டாள். சப்பட்டை மாம்பழம், பேரீச்சம்பழம், கருப்பட்டிப் பாகு சேர்த்து அவள் கிண்டிய அல்வாவைத் தெருவே விரும்பித் தின்றது. அந்தத் தைரியத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கவிருந்த ஆரோக்கிய இனிப்பு விழாவில் கடை போட அனுமதி கேட்டு அரசு அலுவலகத்துக்குப் போனாள்.

இனிப்பு நலப் பிரிவு அலுவலர் பால்சாமி ஒரு கரண்டி வாயில் போட்டுக் கண்ணை மூடினார். செத்த நேரம் கழித்துத் திறந்தார்.

"இதுல சர்க்கரை எம்புட்டு?"

"ஒரு சிட்டிகைகூட இல்ல சார்."

"அப்ப இது இனிப்பு இல்லையேம்மா."

"இனிக்குதே சார்!"

"இனிக்கிறது வேற, இனிப்பு வேற. சர்க்கரை இருந்தாத்தான் விதிப்படி இனிப்பு."

"அப்ப ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக் கொண்டாரட்டா?"

"போட்டா ஆரோக்கியம் போயிருமே!" என்றார் பால்சாமி, உண்மையிலேயே இரக்கப்பட்டு. இன்னொரு கரண்டி அள்ளிக்கொண்டு, பக்கத்து அறையிலிருந்த பழப் பிரிவுக்குக் கை காட்டினார்.

பழப் பிரிவில் காசிராஜன் அல்வாவை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொட்டை எங்க?"

"எடுத்தாச்சு சார்."

"தோலு?"

"உரிச்சாச்சு."

"பொறவு எதை வச்சு இதைப் பழம்னு சொல்லச் சொல்றீக?"

அவரும் திருப்தியாகத் தின்றுவிட்டு, எதிலும் சேராதது எல்லாம் மருந்து என்னும் நிர்வாக நெறிப்படி, அவளை மருந்துப் பிரிவுக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே மகாலட்சுமி மேடம். ருசித்தார். தலையை ஆட்டினார். "குணமெல்லாம் இருக்கு. ஆனா கசக்கலையே. கசக்காத மருந்தை எந்த நோயாளி நம்புவான்?"

மாரிசெல்விக்கு அழுகை முட்டியது. மில்லில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. "நல்லா மென்னு பாருங்க மேடம், கடைசியில கசக்கும்," என்றாள் ஆத்திரத்தில்.

மேடம் மென்றார். மென்றுகொண்டே இருந்தார். ஓர் அரசு நாக்குக்குத் தெரியாதது இந்தப் பெண்ணின் நாக்குக்குத் தெரிவதா? "ஆமா," என்றார் கடைசியில். "அடியில ஒரு கசப்பு ஓடுது. எல்லாருக்கும் பிடிபடாது."

அனுமதி அங்கேயே கிடைத்தது.

விழாவில் 'பழக் கசப்பு லேகியம்' என்ற பலகையின் முன்னால்தான் கூட்டம் நெரிந்தது. கிருஷ்ணன்கோவில் கல்லூரிப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவருக்கு விழுங்குவதற்கு முன்பே முழங்கால் வலி விட்டது. பால்சாமியும் வந்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுங்கினார். "உடம்புக்கு நல்லதுன்னா சகிச்சுக்கிட வேண்டியதுதான்," என்று கண் கலங்க இரண்டு டப்பா வாங்கிப் போனார்.

சாயங்காலம் வீட்டில் அவள் புருசன் பிரேம்குமார் சட்டியை வழித்துத் தின்று உடம்பைச் சிலிர்த்தான்.

"ஏட்டி, என்னா கசப்பு! இன்னைக்குப் பதம் அருமை."

மாரிசெல்வி சிரித்துக்கொண்டே ஒரு விரல் வழித்து நாக்கில் வைத்தாள்.

லேசாக இனித்தது. பதம் தப்பிவிட்டதோ என்று பயந்துபோனாள்.