பக்கத்து மேஜைக்காரர்

ஊரே தன்னைச் சூழ்ந்துகொண்டு "இன்னொன்னு காட்டுங்க" என்று கெஞ்சும்வரை சீட்டுக்கட்டைக் கீழே வைப்பதில்லை என்று கண்ணாடிக்காரர் சபதம் எடுத்தார். எடுத்த இடம் குளியலறை. கேட்டது சோப்பு மட்டும்.

மூக்குக்கண்ணாடி விற்கிற மனுஷன் அதோடு விட வேண்டியதுதானே? விடமாட்டார். சீட்டு வித்தை கற்றுக்கொண்டுவிட்டார். எந்த ஓட்டலுக்குப் போனாலும் முகந்தெரியாத ஆட்களின் மேஜைக்குப் போய், "ஒரு சீட்டு எடுங்க சார்" என்று இளிப்பார். வாய் நிறையச் சோறு வைத்திருப்பவன் என்ன சொல்வான்? முழிப்பான். இவர் அதை ஆச்சரியம் என்று எடுத்துக்கொள்வார். அவர் வீட்டம்மா தனியாக உட்கார்ந்து ஆறிப்போன சூப்பைக் கிண்டிக்கொண்டிருப்பாள். போன கல்யாண நாளிலும் இதே கூத்துதான். அன்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னங்க, ஒரு பந்தயம்."

"சொல்லு."

"நாளைக்கு ஓட்டலுக்குப் போவோம். நீங்க போற மேஜையில ஒருத்தராவது இன்னொன்னு காட்டுங்கன்னு கேட்டுட்டா, ஆயுசுக்கும் நான் வாயத் திறக்க மாட்டேன்."

"கேக்கலன்னா?"

"சீட்டுக்கட்டை என்கிட்ட கொடுத்துட்டு, என் எதிர்ல உக்காந்து சாப்பிடணும். எப்பவும்."

"ப்பூ, இவ்வளவுதானா!"

வாய் வீராப்பு பேசியதோடு சரி. இதுவரை அவரிடம் யாரும் இன்னொரு வித்தை கேட்டதே இல்லை. சர்வர் என்று நினைத்து இன்னொரு தோசை கேட்டவர்கள் உண்டு.

மாடிக்கு ஓடி மச்சினனுக்கு ஃபோன் போட்டார்.

"மச்சான், உங்க அக்காவுக்கு முகம் தெரியாத உன் சிநேகிதன் எவனாவது இருக்கானா?"

"இருக்கான் அத்தான். எதுக்கு?"

"சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டு நாளைக்கு ஜன்னல் பக்கம் உக்காரச் சொல்லு. நான் வித்தை காட்டுவேன். அவன் வாயைப் பொளந்து 'இன்னொன்னு'ன்னு கத்தணும். அவ்வளவுதான்!"

"அக்காவுக்குத் தெரிஞ்சா?"

"அவளாவது, கண்டுபிடிக்கிறதாவது! அவ ஒரு அப்பாவிடா."

மறுநாள் ஜன்னலோரம் சிவப்புச் சட்டை கண்ணில் பட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. நேரே அந்த மேஜைக்குப் போனார். சிவப்புச் சட்டை ஒரு சீட்டை உருவிப் பார்த்துத் திரும்பச் செருகினான். இவர் கலைத்தார், ஊதினார், ஒரே இழுப்பில் ஆர்ட்டின் ராணியை வெளியே எடுத்தார். சத்தியமாக அதே சீட்டு! வாழ்க்கையில் முதல் தடவையாக வித்தை பிசகாமல் பலித்திருந்தது. பக்கத்து மேஜைகள் கூடத் திரும்பிப் பார்த்தன.

சிவப்புச் சட்டை கொட்டாவி விட்டான்.

"கேளுப்பா," என்று பல்லைக் கடித்தபடி கிசுகிசுத்தார் கண்ணாடிக்காரர். "இன்னொன்னு கேளு!"

"போதும் சார்!" என்று ஓட்டலே அதிரக் கத்தினான் அவன். "சாப்பிட விடுங்க சார்!"

சமையல்காரர் வரை எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் வீட்டம்மா உள்ளங்கையை நீட்டினாள்.

"அடப்பாவி, நீ என் ஆள்தானே?" என்றார் கண்ணாடிக்காரர்.

அவன் குனிந்து மெதுவாகச் சொன்னான்: "நீங்க பந்தயத்துக்கு ஆள் தேடுவீங்கன்னு, பந்தயம் கட்டறதுக்கு முன்னாடியே அக்கா தம்பியைக் கூட்டு சேத்துக்கிட்டு என்னைப் பிடிச்சுட்டாங்க சார்."