ஏரிக்குச் சரித்திரம் எழுதிய ஆதாரம் சார்

மத்தியானம் சாப்பிட்டு, கை கழுவி, வாய் கொப்பளித்து வந்த பிறகு, தான் சாப்பிட்டாயிற்றா என்று டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளும் மனிதரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. நான் பார்த்திருக்கிறேன். மூன்று வருஷம் தினமும் பார்த்தேன். தன் வயிறு சொல்வதையே நம்பாமல் பாத்திரம் சொல்வதை மட்டும் நம்பிய அந்த மனிதருக்கு எங்கள் அலுவலகத்தில் ஆதாரம் சார் என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

கருங்குழிக்கு அந்தப் பக்கம் ஒரு பறவை ஏரி. பெயரைச் சொல்ல மாட்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் ஏதாவது சொல்லி எங்கேயாவது போய் மாட்டிக்கொள்வேனோ என்ற பயம் எனக்கு இன்றைக்கும் உண்டு. தொண்ணூறுகளில் அந்த ஏரியில் நான் தினக்கூலிக் காவலாள். பறவைகள் மேல் யாரும் கல்லெறியாமல் பார்த்துக்கொள்வது வேலை. மிச்ச நேரத்தில் கவலைப்படுவேன். அதை யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துச் செய்தேன்.

சரணாலயம் என்று ஆகிவிட்டால், சில வருஷத்துக்கு ஒருமுறை மேலாண்மைத் திட்டம் என்று தடியாக ஒன்றை எழுதி மேலே அனுப்ப வேண்டும். அதில் ஒரு அத்தியாயம், ஏரியை இதுவரை எப்படிப் பராமரித்தோம் என்ற சரித்திரம். அதை யாரும் எழுதுவதில்லை. பழைய திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே டைப் அடிப்பார்கள். அந்தப் பழையதும் அதற்கு முந்தினதைப் பார்த்து அடித்ததுதான். நாலு பக்கம், அரைநாள் வேலை. அந்த அரைநாள் வேலையை, செங்கல்பட்டிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த கிளார்க்கான ஆதாரம் சாரிடம் எங்கள் வனத்துறை அதிகாரி ரேஞ்சர் ஐயா கொடுத்தார். ரேஞ்சர் ஐயாவுக்குச் சனி பிடித்தது அன்றைக்குத்தான்.

அன்று சாயங்காலமே ஆதாரம் சார் என்னைக் கூப்பிட்டார்.

"யோவ், போன வருஷம் கருவேலங்கன்னு நட்டீங்களா?"

"இல்ல சார்."

"அதுக்கு மின்ன வருஷம்?"

"நான் வந்ததுலேர்ந்து ஒரு கன்னும் நடல சார்."

மேஜையில் மூன்று பழைய திட்டங்களை வரிசையாக விரித்து வைத்திருந்தார். மூன்றிலும் ஒரே வரி: ‘கடந்த ஆண்டு நடப்பட்ட கருவேலங்கன்றுகள் செழிப்பாக வளர்ந்து வருகின்றன.’

"முப்பது வருஷமா போன வருஷமே நட்டுகினு கீறாங்கய்யா! அந்தக் கன்னு இந்நேரம் பேரன் பேத்தி எடுத்துருக்கும்!"

செருப்பை மாட்டிக்கொண்டு கன்றைத் தேடக் கிளம்பினார். இரண்டு நாள் தேடினார். கடைசியில் அகப்பட்டது. கட்டிப்பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். அதன் நிழலில்தான் ரேஞ்சர் ஐயாவின் ஜீப் தினமும் நின்றுகொண்டிருந்தது.

அதோடு பழைய நாலு பக்கமும் செல்லாது என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு வரியையும் முதலிலிருந்து தோண்டி எழுதப் போகிறேன் என்றார். ரேஞ்சர் ஐயா தலையில் கை வைத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குப் புதிதாக ஒரு கவலையைக் கொடுக்க ஓர் உத்தரவு வந்தது. பத்து வருஷம் தொடர்ந்து வேலை செய்த காவலாட்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள். நல்ல சேதிதானே என்பீர்கள். நான் வேலை செய்ததைக் காட்டும் வருகைப் பதிவேடுகளைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. அட்டை மட்டும் மிச்சம். ரேஞ்சர் ஐயா ஒரு வழி சொன்னார்.

"சரித்திரத்துல எந்தெந்த வருஷம் யார் யார் காவல் இருந்தாங்கன்னு எழுதுவாங்கல்ல? அதுல உன் பேர் இருந்தா, அதையே வெச்சு உன் ஃபைல அனுப்பிடுறேன். இல்லன்னா என்னால ஒண்ணும் ஆகாது."

ஆக, என் பிழைப்பு ஒரு வரியில் நின்றது. அந்த வரி ஆதாரம் சார் பேனாவில் இருந்தது. ஓடினேன்.

"சார், என் பேர ஒரு வரி போட்ருங்க சார். பத்து வருசமா கீறேன்."

"போட்ரலாமே. ஆதாரம்?"

"நான்தான் எதுர்லயே நிக்கிறேனே சார்!"

"இன்னைக்கு நிக்கிற. பத்து வருஷத்துக்கு மின்னாடி நின்னியா?"

"உங்களுக்கே தெரியுமே சார், ஊர்ல அல்லாரும் சொல்லிருப்பாங்களே."

"எனக்குத் தெரியும்யா. புஸ்தகத்துக்குத் தெரியாதே."

வீட்டில் என் மனைவி மல்லிகாவிடம் சொன்னேன். அவள் கரண்டியோடு எழுந்து நின்றுவிட்டாள்.

"நீ கீறியா இல்லியான்னு அந்தாளுக்கு டவுட்டா? என்ன இட்டுக்கினு போ, நான் சொல்றேன். பத்து வருசமா நீ பொலம்பிக்கினு கீற சத்தம் எனுக்குல்ல தெரியும்!"

அவளைக் கூட்டிப் போகவில்லை. அவள் வைத்த விரால் மீன் குழம்பை மட்டும் கொண்டுபோனேன். ஆதாரம் சார் விரலைச் சப்பிச் சாப்பிட்டார். பாக்ஸைத் திறந்து பார்த்துக்கொண்டார். "கொழம்பு பிரமாதம். கொழம்பு வேற, சரித்திரம் வேற" என்றார். யாரோ டூரிஸ்ட் எடுத்துக் கொடுத்த பழைய போட்டோவைக் காட்டினேன். கூழைக்கடாக்களுக்கு முன்னால் நான் நிற்கிற படம். ரொம்ப நேரம் பார்த்தார். "இது முதுகு. முதுகுல பேர் எழுதலியே" என்று திருப்பிக் கொடுத்தார்.

வேறு வழியில்லை. அவர் தோண்டுகிற இடத்தில் எங்கேயாவது என் பெயரும் வந்து விழாதா என்று அவர் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போக ஆரம்பித்தேன்.

ஏரிக்கரை ஒருமுறை உடைந்தது எப்போது என்று கேட்டபோது, டீக்கடைக்காரர், "எங்க அத்த பொண்ணு கல்யாணத்தன்னைக்கு சார்" என்றார். ஆதாரம் சார் அந்த அத்தை பெண்ணின் வீட்டுக்கே போய்விட்டார். அந்த அம்மாளுக்கு அப்போதே பெரிய பிள்ளைகள்.

"கல்யாணப் பத்திரிகை இருக்காம்மா?"

"இன்னாத்துக்கு? ஏரி ஒடஞ்சதுக்கு எங்க மேல கேஸ் போடப் போறீங்களா?"

டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து மஞ்சள் மங்காத பத்திரிகை வந்தது. தேதி கிடைத்துவிட்டது. ஆதாரம் சார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த வீட்டுக்காரர் மெதுவாக என் பக்கம் வந்து சொன்னார்: "அன்னிக்கு தண்ணி வந்து தடுத்துச்சிப்பா. எல்லாரும் திரும்பிப் போலாம்னாங்க. நான்தான் கேக்காம நீந்தி வந்துட்டேன். அதயும் எழுதச் சொல்லு."

அடுத்தது கூழைக்கடா. ‘இங்குள்ள கூழைக்கடாக்கள் இரை தேடி முட்டுக்காடு வரை செல்கின்றன’ என்று பழைய திட்டத்தில் இருந்தது. யார் பார்த்தது என்று கேட்டுக்கொண்டு, ஒரு காலையில் பறவைகள் கிளம்பிய அதே நேரம் நாங்களும் கிளம்பினோம். செங்கல்பட்டில் ஒரு பஸ், திருக்கழுக்குன்றத்தில் ஒரு பஸ், மாமல்லபுரத்தில் ஒரு பஸ். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவரிடம் கண்டக்டர், "இன்னா சார், ஏரோப்ளேன்ல சொந்தக்காரங்க போறாங்களா?" என்று கேட்டார். முட்டுக்காட்டில் போய் இறங்கினால், கழிமுகத்தில் கூழைக்கடாக்கள் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தன. நான் குதித்தேன். ஆதாரம் சார் முகம் மட்டும் வாடியது.

"நம்ம ஏரிதுதானான்னு எப்புடிய்யா சொல்றது?"

புத்தகத்தில் கடைசியில் இப்படித்தான் எழுதினார்: ‘முட்டுக்காட்டில் கூழைக்கடாக்கள் நின்றன. எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை.’

இப்படியே மூன்று வருஷம். ஏரியைப் பற்றிய எல்லாவற்றுக்கும் ஆதாரம் கிடைத்தது. எனக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஒருநாள் மேலே இருந்து கடைசிக் கடிதம் வந்தது: திட்டம் வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும். என் ஃபைலும் அதோடு போக வேண்டும். ரேஞ்சர் ஐயா போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த கொக்குகள் எழும்பி உட்கார்ந்தன. பார்த்தால் ஆதாரம் சாரின் நாற்காலி காலி.

தேடிக்கொண்டு போனேன். மதகுக்குப் பக்கத்தில் இருந்த காவல் குடிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நோட்டுகள். எல்லாம் நான் எழுதியவை.

அவை தண்ணீர் மட்டம் எழுதும் நோட்டுகள். மதகில் நட்டிருக்கும் அளவுக்கல்லைப் பார்த்து, காலையில் இத்தனை அடி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பக்கத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு காலியிடம் இருந்தது. காலியாகவே விட வேண்டியது. என் பயங்களைப் பொறுமையாகக் கேட்க வீட்டிலும் ஆள் இல்லை, வெளியிலும் ஆள் இல்லை. அதனால் தினமும் அந்த இடத்தில் எழுதிவைப்பேன். யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியம். வெறும் புலம்பல்தானே, அதை ஆதாரம் என்று காட்ட எனக்குத் தோன்றவே இல்லை. குடிசை முழுக்கப் புகையிலை வாசனை என்பதாலோ என்னவோ, கரையானும் அந்தப் பக்கம் வரவில்லை.

ஆதாரம் சார் உரக்கப் படித்தார். "‘எட்டடி. மேகம் கருப்பாக இருக்கிறது. கரை உடையுமோ.’ மறுநாளு, ‘எட்டேகால் அடி. கரை உடையவில்லை. நாளைக்கு உடையுமோ.’ இத கேளு, ‘நத்தைக்கொத்தி நாரை ஒன்று மூன்று நாளாக முட்டையை விட்டு எழவில்லை. அதற்கு உடம்பு சரியில்லையோ.’"

நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஒரு நாள் விடாம எழுதிக்கீறியேய்யா! பறவ எப்ப வந்துச்சு, எப்ப முட்ட வெச்சுது, மதகு எப்ப தொறந்தாங்க, எவன் வல போட்டான், அல்லாம் கீது. இந்த ஏரியோட சரித்திரமே உன் பயம்தான்யா! பேர் போட்டாச்சு, போ!"

அரை நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன். என் ஆயுளில் அதுவே அதிகம். அப்புறம் ஒரு பக்கம் ஞாபகத்துக்கு வந்தது. அதில் நான் எழுதியிருந்தது இது: ‘ரேஞ்சர் ஐயா வந்தார். பறவைகளைப் பார்க்கவில்லை. திருட்டு வலையில் பிடித்த விராலைப் பார்த்தார். ஜீப்பில் எடுத்துப்போனார். நான் பார்த்ததை அவர் பார்த்திருப்பாரோ.’

என் ஃபைலில் கையெழுத்துப் போட வேண்டியவர் அதே ரேஞ்சர் ஐயா. ஆதாரம் என்று இந்த நோட்டுகளையும் அதோடு சேர்த்து அவர் மேஜைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

"சார், அந்த ஒரு பக்கத்த கிழிச்சிருங்க சார்."

"பக்கத்தக் கிழிக்கிறதா? அதுக்கு என்னக் கிழி."

"அந்த விஷயத்தயாவது புஸ்தகத்துல எழுதாம வுட்ருங்க சார்."

"படிச்சத படிக்கலன்னு எழுதுனா, நானும் போன வருஷம் கன்னு நட்டவன்தான்யா."

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. "வேல போனா மறைமலைநகர்ல கம்பெனிக்கு போய்க்கலாம், முதல்ல நாஸ்தா துன்னு" என்றாள் மல்லிகா. அந்தக் கம்பெனி பஸ் கவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை. நாலு பக்கத்துக்குப் பதிலாகத் தலையணை கனத்துக்கு ஒரு கட்டு ரேஞ்சர் ஐயா மேஜையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் என் நோட்டுகள். நான் கதவோரம். ஐயா புரட்டினார். என் பெயர், அப்பா பெயரோடு, பக்கத்துக்குப் பக்கம் அடியில் வந்தது. ‘காவலாளின் நோட்டு, காவலாளின் நோட்டு’ என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். வாய்விட்டுப் படித்தார்.

"‘இந்த நாளுக்கான குறிப்பில் மை கொட்டியிருப்பதால் படிக்க முடியவில்லை.’"

நோட்டை எடுத்துத் திறந்தார். பக்கம் முழுக்க நீலம். பக்கத்திலேயே இன்னோர் ஏரி.

"என்னய்யா இது, சர்க்கார் நோட்ட இப்படியா வெச்சுக்கிறது?" என்று என்னை முறைத்தார். முறைத்துக்கொண்டே என் ஃபைலை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் நான் எழுதியதெல்லாம் பென்சிலில். அந்தக் குடிசையில் மைப்புட்டி என்று ஒன்று ஒருநாளும் இருந்ததில்லை.

ஆதாரம் சார் வராந்தாவில் வீட்டுக்குக் கிளம்பி நின்றுகொண்டிருந்தார். வலதுகையில் இரண்டு விரல் நீலமாக இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, "பஸ்ஸு போய்டும்யா" என்று நடக்க ஆரம்பித்தார்.

குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அன்றைக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை. இருந்தாலும் பஸ் வரும்வரை அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.